வெட்டாற்று வளைவு

மே மாதம். ஆற்றில் மணல்தான் ஓடியது.
கொரடாச்சேரி தாண்டி, கரை திடீரென்று
மனசு மாறி இடப்பக்கம் திரும்பும் இடத்தில்
பயந்துபோய் ஆக்சிலரேட்டரை விட்டேன்.
அதுதான் பிழை.
என் ஸ்பிட்ஃபயரின் பின்சக்கரம்
தூங்குகிற கோழியின் கால்போல
உள்ளே மடங்கிக்கொண்டது.
ஒரு முழுச் சுற்று. பிறகு மணல்.

"தண்ணி இருந்திருந்தா என்ன ஆயிருக்கும் டாக்டர்?"
கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல்
ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார் ஒருவர்.
நான் குடற்புழு மருந்து கொடுத்த ஆடு.
அதுகூடத் திரும்பிப் பார்த்தது.

செலஸ்டின் பட்டறையில் எல்லாமே டிராக்டர்.
கேஜ் வீலுக்கும் ரொட்டவேட்டருக்கும் நடுவே
முட்டி உயரத்தில் இந்தச் சிவப்பு.
கீழே படுத்தான், டார்ச் அடித்தான்,
ஒரு டீ ஆறும்வரை பேசவில்லை.
"பின்னாடி பட்டை விறைச்சுக் கெடக்கு.
முன்னாடி கம்பி ஒல்லி.
பின்னாடி விடணும், முன்னாடி பிடிக்கணும்."

நான் மாட்டின் காலைப் பார்ப்பவள்.
நொண்டுவது ஒரு கால், நோவு வேறெங்கோ.
ஒத்துக்கொண்டேன்.

பாபநாசத்தில், கல்யாண மண்டபத்துப் பின்புறம்,
கோழி அடைந்துகொண்டிருந்த
ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலிருந்து பட்டை வந்தது
(எச்சத்தோடு).
அடிப்பட்டையை மட்டும் இறுக்கி
மற்றவற்றை நடு ஆணியில் ஆடவிட்டான்.
முன்னால் பதினேழரை மில்லியைக் கழற்றி
இருபத்திரண்டு.
நாலரை மில்லிதானே என்றேன்.
சாக்பீஸால் மட்கார்டில் கணக்குப் போட்டான்:
தடிமனை நாலு தரம் பெருக்கணும்.
இரண்டரை மடங்கு முறுக்கு.
அந்தக் கணக்கு இன்னும் அழியவில்லை,
யாருடைய ரொட்டவேட்டரோ
அதைச் சுமந்துகொண்டு சேறடிக்கிறது.

நீல நிற புஷ் நான்கு
கடல் தாண்டி வந்து, சென்னை கஸ்டம்ஸில்
பதினொரு நாள் உட்கார்ந்திருந்தன.
அதற்குள் மேட்டூரைத் திறந்துவிட்டார்கள்.
தண்ணீர் முக்கொம்பில் என்றார்கள்,
கல்லணையில் என்றார்கள்,
நாங்கள் தூக்குக்குண்டு கட்டி
சக்கரத்தின் சாய்வைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கம்பி செய்வது இவ்வளவுதான்:
ஒரு சக்கரம் எழும்பினால்
எதிர்ச்சக்கரத்தையும் கூடவே இழுக்கும்.
வளைவில் அது நன்மை.
ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்த சாலையில்,
நம் சாலை வேறெப்படி,
இடப்பக்கக் குழிக்கு
வலப்பக்கமும் வரி கட்டும்.
மன்னார்குடிச் சாலையின் மூன்றாவது மதகில்
என் கம்மலின் திருகாணி கழன்றது.
இன்னும் கிடைக்கவில்லை.
ஷாக் அப்சார்பரில் இரண்டு கிளிக் தளர்த்தினான்.
நான்காவது மதகில் மூன்றாவது கிளிக்.

வெட்டாற்றில் தண்ணீர் வந்த காலை,
நுரையின் தலையில் வைக்கோல், ஒற்றைச் செருப்பு,
தோற்ற கட்சியின் தோரணம்.
எழுபத்திரண்டில் தவறிய இடம்,
எழுபத்திரண்டிலேயே போவது என்று தீர்மானம்.
பக்கத்து இருக்கையில் செலஸ்டின்
டேஷ்போர்டில் ஒரு கை, சிலுவையில் ஒரு கை.
கரை திரும்பத் தொடங்கியது.

வாத்து.
முந்நூறு இருக்கும்.

அழுத்தினேன். நேராக நின்றது,
நூல் பிடித்ததுபோல், ஒரு முழம் மிச்சம் வைத்து.
அவை அவசரப்படவில்லை.
ஒவ்வொன்றும் ஒவ்வோர் அடிக்கும்
முழுசாகச் சாய்ந்தது, முழுசாக நிமிர்ந்தது,
கரையிறங்கிப் புதுத்தண்ணீரில் விழும்வரை
ஒன்றுகூடக் கவிழவில்லை.
செலஸ்டின் குனிந்து,
வண்டிக்கடியில் பார்ப்பதுபோலவே,
அவற்றின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"கம்பியே இல்ல" என்றான்.

பின்னால் மினி பஸ் ஹாரன்.
முதல் கியர்.
வளைவை இருபதில் கடந்தோம்.
வண்டி சாயவில்லை.
இருபதில் எது சாயும்.